ஆளவியிலிருந்து ஆரணிக்கு

தியானத்துக்கு இடைஞ்சலாக வரக்கூடியவை பத்து என்று பௌத்தத் தியான நூலான விசுத்திமார்க்கம் கணக்குச் சொல்கிறது. இருப்பிடம், பழகிய குடும்பங்கள், ஆதாயம், மாணவர் கூட்டம், கட்டட வேலை, பயணம், உறவினர், நோய், நூல்கள், சித்திகள். இதில் ஆறாவதைச் செய்துகொண்டே, ஒன்பதாவதை மடியில் வைத்துக்கொண்டு, காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு வழியாக ஆரணி போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தாவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சித்திகள் வந்து தொந்தரவு கொடுக்கிற அளவுக்கு நான் இன்னும் உட்காரவில்லை.

மடியில் இருந்தது விசுத்திமார்க்கத்துக்கு ஞானமோலி பிக்கு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. 1956இல் கொழும்பில் வெளிவந்தது. மூலத்தை எழுதிய புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதினார். ஆனால் அவர் நமக்கு அந்நியர் அல்ல. காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற துறவியோடு தங்கியிருந்ததைத் தன் உரைநூல் ஒன்றின் முடிவில் அவரே குறித்து வைத்திருக்கிறார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து யுவான் சுவாங் வந்தபோதும் காஞ்சிப் பக்கம் சுமார் நூறு விகாரைகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். இன்றைக்கு அந்தக் கூட்டத்தின் அடையாளம் தேட வேண்டுமானால் வயல்வெளியில்தான் தேட வேண்டும். செய்யாற்றுப் பக்கம் கணிகிலுப்பையில் ஒரு புத்தர் சிலை இருப்பதை மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் பதிவு செய்தார். பேருந்து அந்த வட்டாரத்தைத் தாண்டும்போது நடத்துநர் சில்லறைக்காக யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பயணத்தைப் புத்தகோசர் ஏன் இடைஞ்சலாகச் சொன்னார் என்று அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். பயணமே கூடாது என்பதாக ஏதோ உபதேசம் இருக்கும் என்று எதிர்பார்த்தால், இருப்பது வேறு. போக வேண்டிய வேலை ஒன்று மனத்தில் கிடந்தால், காட்டுக்குள் போய்த் தவம் இருந்தாலும் அந்த நினைப்பு விடாது. ஆகையால் போய், வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார். அவ்வளவுதான். அனுபவப்பட்ட ஒரு வாத்தியார் பேசுவதைப் போல இருக்கிறது.

இந்தப் பேச்சைத்தான் நாம் தொலைத்துவிட்டோம் என்பது என் ஆதங்கம். தமிழில் பௌத்தம் என்றால் மணிமேகலை பேசுகிறோம், போதிதருமர் பேசுகிறோம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், அதன் கிளைகள் கோலார் தங்கவயல் வரை பரவியதும் நம் சமூக வரலாற்றின் பெரிய அத்தியாயம், அதையும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் முழங்கால் வலிக்கும், இருபதாவது நிமிடத்தில் தூக்கம் வரும், இரண்டும் வராத நாளில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபம் வரும் என்பதைத் தமிழில் யாரும் எழுதுவதில்லை. ‘தியானம் செய்தால் மன அமைதி கிடைக்கும்’ என்று வார இதழ்கள் எழுதிவிடுகின்றன. கிடைக்காதவன் தன்மீதுதான் குறை என்று எழுந்து போய்விடுகிறான்.

ஆரணிக்குப் போகக் காரணம் ஒரு பழைய கதை. புத்தர் காலத்தில் ஆளவி என்றொரு ஊர். அங்கே ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் தியானம் செய்தாள். அந்தக் கதையில் தறி வருகிறது, ஊடை நூல் சுற்றிய தார் வருகிறது, பசியும் அவசரமும் வருகின்றன. தறிச் சத்தம் கேட்கிற தெருவில் நின்று அதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போக வேண்டும் என்று தோன்றிவிட்டால் போய்விட்டு வா என்றுதான் புத்தகோசரே சொல்கிறாரே.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் கண்ணில் பட்டது. 1751இல் ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு சண்டை போட்டான் என்பது சரித்திரப் புத்தகத்துக்கு. ஊருக்கு இன்று பட்டும் அரிசியும்தான் பேர். புவிசார் குறியீடு பெற்ற பட்டு. காஞ்சிப் பட்டைவிட எடையும் விலையும் குறைவு என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நெசவு ஊருக்குள் மட்டும் இல்லை. ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்று வட்டாரமெல்லாம் பரவிக் கிடக்கிறது. பட்டுப் புடவையைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. ஆனாலும் சில தெருக்களில் கேட்கிற சத்தத்தின் வேகம் மனிதக் கால் மிதிக்கிற வேகமாக இல்லை.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தையே தறி அடைத்துக்கொண்டிருந்தது. பெரியவர் குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் டிசைன் அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி விழுந்தன. மருமகள் வாசல் பக்கம் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். 

“நெய்யும்போது மனசு எங்கே இருக்கும் ஐயா?” என்று கேட்டேன்.

“எங்கெங்கியோ போவும் சார். கடன்ல போவும், பேத்தி காலேஜ் ஃபீஸுல போவும். கையும் காலும் மட்டும் இங்க இருக்கும்.”

“இது தியானம் மாதிரி என்று சொல்கிறார்களே?”

அவர் சிரித்தார். “இங்க வர்றவங்க எல்லாம் அதத்தான் சொல்றாங்க. முட்டி வலிக்கிற தியானம்.” கொஞ்ச நேரம் நெய்துவிட்டு அவராகவே சொன்னார்: “புதுசா டிசைன் மாத்தினா ரெண்டு நாளைக்கி மனசும் கூடவே உக்காந்திருக்கும். பழகிடுச்சின்னா மறுபடி கெளம்பிடும்.”

“இழை அறுந்தால்?”

“முடி போட்டுட்டு நெய்ய வேண்டியதுதான். கோவத்துல இழுத்தா பக்கத்துல இருக்கறதும் சேந்து போவும்.”

நெசவைத் தியானம் என்று அழகுபடுத்திச் சொல்ல வந்திருந்தால் அந்தச் சிரிப்போடு திரும்பியிருக்க வேண்டியதுதான். ஆனால் பழகிவிட்டால் மனம் கிளம்பிவிடும் என்று அவர் சொன்னது புத்தகோசருக்கும் தெரிந்த விஷயம். மூச்சை எண்ணச் சொல்கிற இடத்தில் அவர் விதிகள் வைக்கிறார். ஐந்துக்குக் குறைவாக எண்ணாதே, இடம் நெருக்கடியாகி மனம் துள்ளும். பத்துக்கு மேல் போகாதே, மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தானியம் அளப்பவனைப் போல நிதானமாக எண்ணு; மூச்சு தெளிவாகப் பிடிபட்டதும், பட்டியிலிருந்து வெளியே வரும் மாடுகளை மேய்ப்பவன் எண்ணுவதைப் போல வேகமாக எண்ணு. பிறகு எண்ணுவதையே விட்டுவிடு. வேலை ஒன்றுதான், பழக்கம் தட்டாமல் இருக்க டிசைனை மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் திரும்பவும் குழியில் இறங்கினார். சிறிது நேரத்தில் சத்தம் நின்றது. கை பலகையில் இருக்க, தலை தொங்கிவிட்டது. “டெய்லி இப்படித்தான் சார். மாமா ஒரு பத்து நிமிஷம் தூங்கி எந்திருப்பாரு. எழுப்பினா கோவம் வரும்” என்றாள் மருமகள். எனக்கு ஆளவி நினைவுக்கு வந்தது; அந்தக் கதையிலும் அப்பா தறியில் தூங்குகிறார்.

தம்மபத உரையில் இருக்கிறது அந்தக் கதை. உரையைப் புத்தகோசர் பேரில் சேர்ப்பது மரபு; ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆளவிக்கு வந்த புத்தர் மரணத்தை நினைக்கும் தியானத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். உயிர் நிச்சயமில்லை, சாவு நிச்சயம் என்று நினை என்கிறார். கேட்ட ஊர்க்காரர்கள் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விட, பதினாறு வயது நெசவாளர் மகள் ஒருத்தி மட்டும் மூன்று வருஷம் விடாமல் செய்கிறாள். அவளுக்காகவே புத்தர் மறுபடி வருகிறார். அன்றைக்குப் பார்த்து அப்பா சொல்கிறார்: வேறொருவருக்கு நெய்கிற துணி, இன்றே முடிக்க வேண்டும், சீக்கிரம் தார் சுற்றிக் கொண்டு வா. 

பெண் யோசிக்கிறாள். புத்தரைப் பார்க்கப் போவதா, தார் சுற்றுவதா? சுற்றாமல் போனால் அப்பா அடிப்பார். சுற்றிவிட்டுத்தான் போகிறாள். இந்த இடம்தான் எனக்கு முக்கியம். ஞானத்துக்காக ராட்டையை எட்டி உதைத்துவிட்டுப் போனாள் என்று கதை சொல்லவில்லை. சபையோ காத்திருக்கிறது, புத்தரும் பேசாமல் அவளுக்காக உட்கார்ந்திருக்கிறார். தார்க் கூடையோடு வந்து ஓரமாக நின்றவளிடம் நான்கு கேள்விகள் கேட்கிறார். எங்கிருந்து வருகிறாய்? தெரியாது. எங்கே போகிறாய்? தெரியாது. தெரியாதா? தெரியும். தெரியுமா? தெரியாது. புத்தரிடமே விளையாடுகிறாள் என்று ஊர் முணுமுணுக்கிறது. அவள் விளக்குகிறாள்: எந்தப் பிறவியிலிருந்து இங்கே வந்தேன், இனி எங்கே போவேன் என்பது தெரியாது, சாவேன் என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது. அங்கேயே முதல் நிலை ஞானத்தை அடைகிறாள்.

வீட்டுக்குப் போனால் அப்பா தறியில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். அவள் கூடையை நீட்ட, அது தறியில் இடித்துச் சத்தம் எழுகிறது. திடுக்கிட்டு விழித்தவர் தறிக்கட்டையை இழுக்கிறார். அதன் முனை அவள் மார்பில் பாய்ந்து, அங்கேயே இறந்துபோகிறாள். அப்பா அழுதுகொண்டு புத்தரிடம் போய்ப் பிறகு துறவியாகிறார். எத்தனை முறை படித்தாலும் இந்த முடிவு எனக்குச் செரிப்பதில்லை. சாவை நினைத்துத் தியானம் செய்தவளுக்குச் சாவு தன் வீட்டுத் தறியிலேயே இருந்தது என்பதை, புத்தர் அப்பாவுக்குச் சொல்லும் ஆறுதலும் மாற்றிவிடுவதில்லை.

தூக்கத்துக்கு வருகிறேன், தியானத்தில் உட்காருபவர்களின் முதல் புகார் அதுதான். புத்தரின் தலைமை மாணாக்கரில் ஒருவரான மொக்கல்லானருக்கே உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று அங்குத்தர நிகாயத்தில் ஒரு சூத்திரம் சொல்கிறது. புத்தர் திட்டவில்லை. எந்த நினைப்பில் தூக்கம் வந்ததோ அதை மாற்று. போகவில்லையா, படித்த தருமத்தை யோசி. போகவில்லையா, வாய்விட்டு ஓது. காதுகளை இழுத்துவிட்டுக்கொள், கைகால்களைத் தேய். எழுந்து கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு நட்சத்திரங்களைப் பார். பகல் வெளிச்சத்தை மனத்தில் கொண்டுவா. நடந்து பார். எதுவுமே பலிக்கவில்லையா, வலது பக்கம் சாய்ந்து படு, விழித்ததும் உடனே எழுந்துவிடு. கடைசி மருந்து தூக்கமேதான். ஆரணிப் பெரியவர் நேராகக் கடைசி மருந்துக்குப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் தறி மறுபடி ஓடியது.

மாலையில் ஒரு சாயப்பட்டறைக்குக் கூட்டிப் போனார்கள். கொதிக்கிற தொட்டியில் பட்டு நூல் கழிகளைக் கோலில் மாட்டி முக்கித் திருப்பிக்கொண்டிருந்தார் ஒருவர். ஆவியில் நிற்க முடியவில்லை. தியானத்தில் மனத்துக்குள்ளேயே எழும் ஐந்து தடைகளைச் சங்காரவர் என்ற பிராமணருக்கு விளக்கும்போது புத்தர் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துத்தான் விளக்குகிறார். முகம் பார்க்க ஒருவன் குனிகிறான். அரக்கும் மஞ்சளும் அவுரியும் கலந்த சாயத் தண்ணீராக இருந்தால் முகம் தெரியாது, அது ஆசை. கொதித்துக்கொண்டிருந்தால் தெரியாது, அது வெறுப்பு. பாசி மூடியிருந்தால் சோம்பலும் தூக்கமும். காற்றில் அலைந்தால் பரபரப்பும் செய்ததை நினைத்த வருத்தமும். சேறாகக் கலங்கி இருட்டில் வைக்கப்பட்டிருந்தால் ஐயம். ஆரணித் தொட்டியில் முதல் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. நம்மில் பலருக்கும் அப்படித்தான். ஆசை எது கோபம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத கொதிப்பு.

அந்தத் தொட்டிக்கு முன்னால் இன்னொரு தொட்டி இருக்கிறது, அது ஆரணியில் இல்லை. கூட்டுக்குள் இருக்கும் புழுவோடு கொதிநீரில் போட்டுத்தான் பட்டிழையை எடுக்கிறார்கள். இந்தக் கேள்வியும் ஆளவியில் எழுந்திருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியம். துறவிகள் சிலர் ஆளவியின் பட்டுக்காரர்களிடம் போய், நிறையக் கூடுகளை வேகவைத்து எங்களுக்கும் பட்டு கொடுங்கள், விரிப்பு செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சலித்துக்கொண்டார்கள்: பிழைப்புக்காக, பெண்டாட்டி பிள்ளைக்காக இத்தனை உயிர்களைக் கொல்ல வேண்டியிருக்கிறதே என்று நாங்களே நொந்துகொண்டிருக்கிறோம், இவர்களுக்கு என்ன வந்தது? புத்தர் பட்டு கலந்த விரிப்பைத் துறவிகளுக்கு விலக்கினார். பட்டு ஆடை முழுவதையும் விலக்கவில்லை. காணிக்கையாக வரும் துணி வகைகளில் பட்டும் அனுமதிக்கப்பட்டதுதான். நெசவாளருக்கு விதி எதுவும் போடவில்லை. கண்டனம், கேட்கப் போன துறவிக்கு. ஆரணியைச் சுற்றிச் சமணர் ஊர்கள் உண்டு, பூண்டியில் அருகர் கோயில் இருக்கிறது, கொல்லாமை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. என்றாலும் அந்த வீட்டில் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. புடவை வாங்குகிறவனைக் கேட்க வேண்டிய கேள்வியை நெய்கிறவரிடம் கேட்பது நியாயமில்லை.

இரவு விடுதியில் மூச்சுப் பகுதியையே மறுபடி படித்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வருகிற ஒரு சிக்கலை அதில் புத்தகோசர் விவரிக்கிறார். மனம் அடங்க அடங்க மூச்சு மெலிந்து, ஒரு கட்டத்தில் காணாமலே போய்விடுகிறது. பயந்து எழுந்துவிடாதே, எழுந்தால் மறுபடி முதலிலிருந்துதான் என்கிறார். யோசித்துப் பார்க்கச் சொல்கிறார்: மூச்சு இல்லாதவர் யார் யார்? தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை, நீரில் மூழ்கியவன், நினைவிழந்தவன், செத்தவன். நீ இவர்களில் யாரும் இல்லையே, ஆகவே மூச்சு இருக்கத்தான் செய்கிறது, உன் கவனம்தான் அவ்வளவு கூர்மையாக இல்லை. நீண்ட மூக்கு உள்ளவன் மூக்கு நுனியிலும் குட்டை மூக்குக்காரன் மேலுதட்டிலும் தேடிப் பார்க்கட்டும். மெல்லிய துணியைத் தைக்க மெல்லிய ஊசி வேண்டும், அந்த ஊசியின் காதைத் துளைக்க அதைவிட மெல்லிய கருவி வேண்டும் என்றும் சேர்க்கிறார். 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதியவரின் நகைச்சுவை இது.

அதைவிட வலுவான கதை ஒன்றும் அந்த நூலில் உண்டு. கஷ்டம் தெரிகிற தடை பரவாயில்லை, இன்பமாக வரும் தடைதான் ஆபத்து என்பதற்காகச் சொல்லப்பட்டது. ஒளி தெரிவது, பரவசம், அமைதி என்று பத்து அனுபவங்களை வரிசைப்படுத்தி, இவற்றை ஞானம் என்று எண்ணி ஏமாறாதே என்கிறார். இலங்கையில் மகாநாகர் என்ற மூத்த தேரர் அறுபது வருஷம் தன்னை முழு ஞானி என்றே நம்பியிருந்தார். அவருடைய மாணவர் தம்மதின்னர் அதை உணர்ந்து, குருவே, உங்கள் சித்தியால் ஒரு யானையை உண்டாக்குங்கள், பிளிறிக்கொண்டு உங்களை நோக்கி ஓடி வருவதாக இருக்கட்டும் என்றார். தான் படைத்த யானையைப் பார்த்துக் குருவே ஓட ஆரம்பித்தார். மாணவர் அவர் ஆடை நுனியைப் பிடித்து நிறுத்தி, ஞானிக்குப் பயம் உண்டா ஐயா என்று கேட்டார். அறுபது வருஷத்து நம்பிக்கை அந்த இடத்தில் உடைந்தது. குரு மாணவர் முன் அமர்ந்து, எனக்கு உதவு என்றார். ஞானி என்று பேர் எடுத்த பிறகு அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு மனசு வேண்டும்!

திரும்பி வரும் வழியில் கவனித்த விஷயம் ஒன்று. மனக்கவனப் பயிற்சியைச் சொல்லும் சதிபட்டான சூத்திரத்தின் உரையில் ஐந்து தடைகளுக்கும் தனித்தனியே ஆறு ஆறு மருந்துகள் தரப்படுகின்றன. துறவி புத்தமித்தரோடு மயூரபட்டினத்தில் தங்கியிருந்தபோது அவர் வேண்டிக்கொண்டதால் புத்தகோசர் எழுதிய உரைநூலில் இருக்கிறது இது. தூக்கத்துக்கு அளவான சாப்பாடு, உட்காரும் நிலையை மாற்றுதல், திறந்த வெளி. பரபரப்புக்கும் வருத்தத்துக்கும் கற்றல், கேள்வி கேட்டல், மூத்தவர்களோடு பழகுதல். முதல் நான்கும் பெரும்பாலும் தடைக்குத் தடை மாறுகின்றன. கடைசி இரண்டு மட்டும் ஐந்துக்கும் ஒன்றேதான்: நல்ல நண்பன், பொருத்தமான பேச்சு. மௌனத்துக்குப் பேர் போன ஒரு மரபு, எல்லாத் தடைக்கும் பொதுவாக எழுதிக்கொடுத்த மருந்து, பேசு என்பதுதான்.

இன்று தமிழ்நாட்டில் தியானத்தை முறையாகக் கற்க இடங்கள் இருக்கின்றன. எஸ்.என். கோயங்கா 1969இல் இந்தியாவில் தொடங்கிய விபஸ்ஸனா முகாம்களுக்குச் சென்னை திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ மையம் உண்டு. பத்து நாள், விடிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், கட்டணம் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நான்காம் நாள் முதல் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அமர்வுகள் வரும். முழங்கால் பேசத் தொடங்குவது அப்போதுதான். கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில், இயேசு சபைத் துறவியும் ஜென் ஆசிரியருமான அமா சாமி 1996இல் அமைத்த போதி ஜெண்டோ இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்கிற மேலைநாட்டுப் பௌத்தர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசி 59 வகை அனுபவங்களைத் தொகுத்தார்கள். பயமும் தூக்கமின்மையும் அதில் உண்டு. எல்லாருக்கும் வரும் என்பதில்லை, சிலருக்கு வரும். மனநோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் விண்ணப்பப் படிவத்தில் அதை மறைக்காதீர்கள், முகாமுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். முட்டி வலித்தால் நாற்காலி கேளுங்கள், தருவார்கள். மௌன முகாமிலும் ஆசிரியரிடம் பேசத் தடை இல்லை. அதற்கென்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள். தூக்கம், கோபம், பயம், ஒளி, பரவசம், எது வந்தாலும் அந்த நேரத்தில் போய் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.